மழையால் தள்ளிப்போகும் கிராம சபை: மாற்று நாளையும் சேர்த்தே அறிவியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் தொடங்கிவிட்டால் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் இரண்டு வரிச் செய்தி ஒன்று அடிக்கடி வரும். ‘தொடர் மழை காரணமாக இன்று நடைபெறவிருந்த கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது, கூட்டம் நடைபெறும் தேதி பின்னர் அறிவிக்கப்படும்’ என்பதே அது. விவசாயிகள் குறைதீர் கூட்டம், கூட்டுறவுச் சங்கப் பேரவைக் கூட்டம், கிராம சபை என எதற்கும் இந்த இரண்டு வரி பொருந்திவிடுகிறது. படிக்கிறவர்கள் பலர் கவனிக்காமலே கடந்துபோகும் இந்தச் செய்தி, காவிரிக் கடைமடையில் வாழும் எங்களுக்கு எவ்வளவு பெரிய இழப்பாக முடிகிறது என்பதைக் கிராம சபையை முன்வைத்துச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் முன்பு ஆண்டுக்கு நான்கு முறை, அதாவது குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களில் கிராம சபை கூடிவந்தது. உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 ஆகிய இரண்டும் 2022ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டு, ஆறு முறை என்றானது. கூடுதலாக இரண்டு முறை ஊர் கூடிப் பேச வாய்ப்புக் கிடைத்ததை முழு மனதோடு வரவேற்றவன் நான். ஆனால் நவம்பர் 1 என்பது எங்கள் பகுதியில் எப்படிப்பட்ட நாள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஆம் தேதியை ஒட்டித் தொடங்குகிறது. மூன்று மாதப் பருவத்தில் மாநிலத்துக்குச் சராசரியாகக் கிடைக்கும் மழை 44 சென்டிமீட்டர். கடலோர டெல்டாவுக்கு அதைவிட மிக அதிகம். அதிலும் நவம்பர்தான் மழை மிகுந்த மாதம். அந்த மாதத்தின் முதல் நாளில், பெரும்பாலும் பள்ளி மைதானத்திலோ மரத்தடியிலோ சாமியானாப் பந்தலின் கீழ் கூட்டப்படும் ஒரு கூட்டம், மழையில் சிக்காமல் தப்பினால்தான் வியப்பு.

முதன்முதலாக உள்ளாட்சி நாள் கிராம சபை நடந்த 2022ஆம் ஆண்டை எங்கள் மயிலாடுதுறை மாவட்டத்தார் வேறொரு காரணத்துக்காகவும் மறக்க மாட்டோம். அந்தக் கூட்டம் முடிந்த பத்தாம் நாள், நவம்பர் 11ஆம் தேதி தொடங்கி மறுநாள் காலைக்குள், சீர்காழியில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. மாநிலம் முழுவதற்கும் மூன்று மாதத்தில் பெய்ய வேண்டிய சராசரி மழை, ஒரு பகலும் ஓர் இரவும் கழிவதற்குள் ஒரே ஊரில் பெய்தது. சம்பா பயிர் இருந்த இடம் தெரியாமல் எல்லாம் ஒரே வெள்ளைத் தண்ணீராகக் கிடந்ததையும், வரப்பு எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் மூங்கில் கழியை ஊன்றிப் பார்த்து நடந்ததையும் இன்றைக்கும் கண்முன் காண்கிறேன். அந்த மழை பத்து நாள் முன்னதாகப் பெய்திருந்தால் எந்தக் கிராம சபையும் நடந்திருக்காது, நடத்தவும் கூடாது.

ஆகவே, மழைக்காகக் கூட்டத்தைத் தள்ளிவைப்பதை நான் குறை கூறவில்லை என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ‘நாலு தூறலுக்குப் பயந்து கூட்டத்தை நிறுத்துவதா, பள்ளிக்கூடத்து வராண்டாவில் உட்கார்ந்து முடித்துவிடலாமே’ என்று சொல்பவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. கேட்பதற்கு இது ஊக்கமான பேச்சாகத் தோன்றும். ஆனால் அப்படி நடத்தப்படும் கூட்டத்துக்கு யார் வருகிறார்கள் என்று பாருங்கள். மேட்டுத் தெருவில் காரை வீடும் சிமெண்டுச் சாலையும் உள்ளவர்கள் குடை பிடித்து வந்துவிடுவார்கள். தாழ்வான பகுதியில் இருக்கும் காலனிக்காரர்கள் வீட்டுக்குள் புகுந்த தண்ணீரை இறைத்துக்கொண்டிருப்பார்கள். குப்பத்து மக்கள் வலையையும் படகையும் பத்திரப்படுத்தக் கரைக்கு ஓடியிருப்பார்கள். விவசாயக் கூலித் தொழிலாளிகள் வயலில் மடை வெட்டப் போயிருப்பார்கள். கைக்குழந்தைக்காரிகளும் முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் வாசலைத் தாண்டவே முடியாது. வடிகால் வாய்க்காலைத் தூர்வாருவது பற்றிய தீர்மானம் அன்று பொருளாக இருந்தால், வீட்டுக்குள் தண்ணீர் வராதவர்கள் மட்டுமே கூடி அதை நிறைவேற்றுவார்கள், அல்லது அடுத்த கூட்டத்துக்கு ஒதுக்கிவைப்பார்கள். மழையில் பிடிவாதமாக நடத்தும் கூட்டம் மேட்டுத் தெருவின் கூட்டமே தவிர ஊரின் கூட்டம் ஆகாது.

கொள்ளிடக் கரையோரம் உள்ளவர்கள் நிலை இன்னும் மோசம். ஆற்றில் வெள்ளம் பெருகும்போதெல்லாம் நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல் போன்ற படுகை ஊர்களின் மக்கள் மூட்டை முடிச்சுகளோடும் ஆடு மாடுகளோடும் வெளியேறி முகாம்களில் தங்க வேண்டியிருக்கிறது. வெள்ளத்தில் அதிகம் பாதிக்கப்படுகிறவர்கள் அவர்கள்தான். அன்று கூட்டம் நடந்தால் வர முடியாதவர்களும் அவர்கள்தான். இதோடு மின்சாரத்தையும் நினைக்க வேண்டும். ஈரத் தரையில் ஒலிபெருக்கிக்கும் விளக்குக்கும் ஒயர் இழுத்து, அதன்மேல் சாமியானாத் துணியிலிருந்து தண்ணீர் சொட்டும் இடத்தில் நூறு பேரை உட்கார வைப்பது எந்த வகையிலும் ஏற்கத்தக்கதன்று.

கூரையுள்ள இடத்துக்கு மாற்றலாமே என்ற யோசனையும் எளிதாக நிறைவேறாது. கிராமங்களில் நூறு இருநூறு பேர் உட்காரும்படியான பெரிய கூரை என்றால் கோயில் மண்டபம்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் மதச் சார்புள்ள எந்த வளாகத்திலும் கிராம சபையை நடத்தக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் மாவட்ட நிர்வாகம் அறிவிக்கிறது. எல்லா மதத்தினரும் எல்லாச் சாதியினரும் தயக்கமின்றி வந்து உட்கார வேண்டிய கூட்டம் என்பதால் அந்த விதி மிகச் சரியானது. மழையைக் காட்டி அதைத் தளர்த்திவிடக் கூடாது. மீதமிருப்பவை பள்ளிக்கூடமும் கடலோரத்தில் கட்டப்பட்டுள்ள புயல் பாதுகாப்பு மையங்களும். பெருமழை நாளில் அவ்விரண்டிலும் வீடிழந்த குடும்பங்கள் பாய் விரித்துப் படுத்திருக்கும். எனவே சில நாட்களில் தள்ளிவைப்பதைத் தவிர வேறு வழி இருக்காது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

என் குறையெல்லாம் தள்ளிவைக்கும் முறையைப் பற்றியது. நானே கண்ட ஒன்றை எழுதுகிறேன். ஊரின் பெயரையும் ஊராட்சியின் பெயரையும் தவிர்க்கிறேன். தனிப்பட்ட யார்மீதும் புகார் சொல்வதற்காக இதை எழுதவில்லை.

ஒரு நவம்பர் 1ஆம் தேதி காலை 11 மணிக்கு ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் கிராம சபை என்று ஒரு வாரத்துக்கு முன்பே ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத் தெருவாகச் சொன்னார்கள். முதல் நாள் இரவிலிருந்தே மழை. காலையில் சற்று வெறித்திருந்ததால் நான் முழங்கால் தண்ணீரில் நடந்து பள்ளிக்குச் சென்றேன். கதவு பூட்டியிருந்தது. கதவில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டப்பட்டிருந்தது. பேனா மை மழையில் கரைந்து வழிந்து, ‘ஒத்தி’ என்ற மூன்று எழுத்தும் கீழே ஒரு கையொப்பத்தின் வாலும் மட்டுமே தெரிந்தன. ஏற்கெனவே இருபது முப்பது பேர் நின்றிருந்தார்கள். கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்திருந்த எண்பது வயதை நெருங்கும் ஒரு அம்மாள், நின்றுபோன முதியோர் ஓய்வூதியத்தைத் திரும்பத் தரக் கோரும் மனுவைப் பாலிதீன் பையில் சுருட்டி மடியில் செருகி வைத்திருந்தார். ‘ஏன் தம்பி, இன்னிக்கு இல்லன்னா வேற என்னிக்குன்னு யாராச்சும் சொன்னாங்களா?’ என்று என்னிடம் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அங்கிருந்த எவரிடமும் இல்லை.

பதில் பன்னிரண்டு நாட்கள் கழித்துக் கிடைத்தது. ஒரு நாள் காலை பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் ‘இன்று 11 மணிக்குக் கிராம சபை’ என்று ஒரு வரி வந்தது. குழுவில் இருப்பவர்கள் எத்தனை பேர், கைப்பேசியை வைத்துவிட்டு வயலுக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கேட்கவில்லை. நான் போனபோது நாற்பது பேர்கூட இல்லை. அன்று மாலை பதிவேடு வீடு வீடாக வந்து, கூட்டத்துக்கே வராதவர்களிடமும் கையொப்பம் பெற்றுக்கொண்டது. அந்த அம்மாளுக்குக் கைப்பேசி கிடையாது. அவர் அந்தக் கூட்டத்துக்கு வரவே இல்லை.

இதில் எத்தனை தவறுகள் இருக்கின்றன என்று பாருங்கள். கிராம சபை என்பது யாரோ சிலர் விருப்பத்துக்குக் கூட்டும் கூட்டமன்று. அரசமைப்புச் சட்டத்தின் 73ஆவது திருத்தத்தாலும், தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ஆலும் நிலைபெற்ற அமைப்பு. கூட்டம் பற்றி ஏழு நாட்களுக்கு முன் மக்களுக்கு அறிவிக்க வேண்டும். மக்கள்தொகைக்கு ஏற்பக் குறைந்தபட்ச வருகை வரையறுக்கப்பட்டிருக்கிறது: 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 501 முதல் 3,000 வரை 100 பேரும், 3,001 முதல் 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வந்திருக்க வேண்டும். முதலில் அறிவித்த கூட்டத்துக்கு இவ்வளவு கட்டுப்பாடு வைத்துவிட்டு, மழையால் தள்ளிப்போன அதே கூட்டத்தை ஒரு மணி நேர அறிவிப்பில் நாற்பது பேரை வைத்து முடித்தால், அந்தக் கட்டுப்பாடுகளுக்கு என்ன பொருள்? தேதி மாறினாலும் கூட்டம் கிராம சபைதான். அதற்குரிய அறிவிப்பும் வருகைக் கணக்கும் ஒரு சிறிதும் குறையக் கூடாது.

பன்னிரண்டு நாள் தாமதம் என்பதும் எங்களுக்குச் சிறிய தாமதமன்று. சம்பாவுக்கான பயிர்க் காப்பீட்டைப் பதிவு செய்யப் பெரும்பாலும் நவம்பர் 15ஆம் தேதியே கடைசி நாளாக அறிவிக்கப்படுகிறது. அதற்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் என்னும் சாகுபடிச் சான்றைப் பெற வேண்டும். குத்தகைக்குச் சாகுபடி செய்பவர்களுக்கு அதைப் பெறுவதில் உள்ள சிக்கலை ஊரார் முன்னிலையில் அலுவலர்களிடம் சொல்வதற்குக் கிராம சபையைவிட நல்ல இடம் கிடையாது. வடிகால்களில் வெங்காயத் தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டிக் கிடப்பதை நவம்பர் முதல் வாரத்தில் பேசித் தீர்மானம் போட்டால், அடுத்த மழைக்குள் ஒரு பகுதியையாவது வெட்டிவிட முடியும். தண்ணீர் நாலு நாள் தேங்கி இளம் பயிர் அழுகிய பிறகு போடும் தீர்மானம் நிவாரணம் கேட்பதற்குத்தான் உதவும்.

இதற்கு நான் வேண்டுவது பெரிய செலவு பிடிக்கும் ஏற்பாடு எதுவுமன்று. நவம்பர் 1 கிராம சபைக்கான முதல் அறிவிப்பிலேயே, அதே துண்டறிக்கையிலும் அதே ஒலிபெருக்கியிலும், ‘பெருமழை காரணமாக அன்று கூட்டம் நடத்த இயலாவிட்டால், இந்தத் தேதியில், இதே நேரத்தில், இந்த இடத்தில் நடைபெறும்’ என்று மாற்று நாளையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். கிரிக்கெட் இறுதிப் போட்டிக்கு மழையை எதிர்பார்த்து ‘ரிசர்வ் டே’ என்று ஒரு நாளை முன்கூட்டியே ஒதுக்கி வைக்கிறார்கள். ஒரு விளையாட்டுக்குக் காட்டும் இந்த முன்யோசனையை ஊரின் சட்டபூர்வமான சபைக்குக் காட்டக் கூடாதா? மாற்று நாள் முன்பே அறிவிக்கப்பட்டிருந்தால் ஏழு நாள் அறிவிப்பு என்ற விதியும் தானாகவே நிறைவேறிவிடும். அந்த நாள் ஒரு வாரத்துக்குள், காப்பீட்டுக் கடைசி நாளுக்கு முன்னதாக அமைவது எங்கள் பகுதிக்கு நல்லது. மாற்று நாளிலும் மழை பெய்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். அடுத்து வரும் சனிக்கிழமை என்று ஒரு பொது வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டால் ஊரார் கேட்காமலே தெரிந்துகொள்வார்கள்.

தள்ளிவைக்கும் முடிவை எப்போது எடுப்பது என்பது அடுத்த கேள்வி. சென்னை வானிலை ஆய்வு மையம் மாவட்டவாரியாக அடுத்த சில நாட்களுக்கான எச்சரிக்கையை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறங்களில் நாள்தோறும் வெளியிடுகிறது. 24 மணி நேரத்தில் 12 முதல் 20 சென்டிமீட்டர் வரை பெய்யக்கூடிய மிகக் கனமழைக்கான எச்சரிக்கை ஒரு மாவட்டத்துக்கு இருக்குமானால், அங்கே மறுநாள் நடக்கவுள்ள கூட்டத்தை முதல் நாள் மாலைக்குள் தள்ளிவைத்துவிடலாம். கூட்டம் தொடங்கும் நேரத்தில் பூட்டிய கதவைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை யாருக்கும் வரக் கூடாது. பள்ளி விடுமுறை அறிவிப்பைப் பாருங்கள்: ஆட்சியர் அறிவித்த சில நிமிடங்களில் தொலைக்காட்சியில் ஓடுகிறது, விடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்துவிடுகிறது. அதே வழியாக, அதே வேகத்தில், ‘இந்தந்த ஒன்றியங்களில் கிராம சபை மாற்று நாளுக்குத் தள்ளிவைக்கப்படுகிறது’ என்ற ஒரு வரியும் சேர்ந்து வந்தால் போதும். மாவட்டம் முழுவதும் ஒரே முடிவாக இருக்க வேண்டியதில்லை. குத்தாலம் பக்கம் வெயிலடிக்கும்போது கொள்ளிடம் பக்கம் கொட்டுவதை நாங்கள் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம்.

கைப்பேசிச் செய்தி நல்லதுதான். அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அழைப்பு எந்த வழியில் வந்ததோ அந்த வழியிலேயே மாற்றமும் வர வேண்டும். ஆட்டோ ஒலிபெருக்கியில் அழைத்தவர்களை வாட்ஸ்அப்பில் திருப்பி அனுப்புவது முறையன்று. நியாய விலைக் கடை, பால் கூட்டுறவுச் சங்கம், அங்கன்வாடி, தேநீர்க் கடை ஆகிய நான்கு இடங்களில் எழுதி ஒட்டினாலே எங்கள் ஊர் முழுவதும் தெரிந்துவிடும். தாளைப் பாலிதீன் உறைக்குள் வைத்து ஒட்டுவதற்குச் சில ரூபாய்கூட ஆகாது. நூறு நாள் வேலைத் தளப் பொறுப்பாளர்களும் மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவிகளும் ஒரே மாலையில் தகவலை வீட்டு வாசல் வரை கொண்டு சேர்த்துவிடுவார்கள்; தேர்தல் நேரத்திலும் புயல் நேரத்திலும் அவர்கள் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

முதல் கூட்டத்துக்கென்று தயாரித்த பொருள் நிரல் அப்படியே மாற்று நாளுக்கும் செல்ல வேண்டும் என்பதையும் வலியுறுத்துகிறேன். இடைப்பட்ட நாட்களில் நிரலிலிருந்து ஒரு பொருள் காணாமல் போவதும், வேறொன்று புதிதாக நுழைவதும் ஊரில் வீண் ஐயங்களை உண்டாக்குகின்றன. மழையில் நனைந்து வந்து பூட்டிய கதவு முன் நின்றவர்களின் மனுக்களை, கூட்டம் இல்லாவிட்டாலும் ஊராட்சிச் செயலர் அன்றே வாங்கிக்கொண்டு ஒப்புகை தரலாம். அதற்கு ஒருவர் ஒரு மணி நேரம் அங்கே இருந்தால் போதும்.

நவம்பர் 1 என்ற தேதியை மாற்றுவது அதன் சிறப்பைக் குறைத்துவிடும் என்று சிலர் கருதலாம். 2024ஆம் ஆண்டு தீபாவளியை ஒட்டி அந்த நாள் வந்தபோது அரசே கிராம சபையை நவம்பர் 23ஆம் தேதிக்கு மாற்றி நடத்தியது. அது முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட மாற்றம் என்பதால் ஊர்களில் பெரிய குழப்பம் எழவில்லை. அடுத்த ஒரே வாரத்தில், நவம்பர் 30ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததையும் இங்கே நினைவுகூர வேண்டும். பண்டிகையை நாட்காட்டியில் பார்த்துத் தேதியை மாற்ற முடிகிறது என்றால், ஆண்டுதோறும் தவறாமல் வரும் பருவமழையை முன்கூட்டியே எண்ணி ஒரு மாற்று நாளைக் குறித்துவைப்பதும் நிச்சயம் முடியும். ஊராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் பொறுப்பில் இருந்தாலும் இது பொருந்தும். உண்மையில் ஒரே அலுவலர் பல ஊராட்சிகளைக் கவனிக்கும் காலத்தில், எந்த ஊருக்கு எந்த மாற்று நாள் என்று முன்பே வகுத்துக்கொள்வது அவருக்கே பெரிய உதவியாக இருக்கும்.

ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறை, அடுத்த பருவமழைக்கு முன்பாக, அதாவது செப்டம்பர் மாத இறுதிக்குள், மாற்று நாள் குறித்த தெளிவான சுற்றறிக்கை ஒன்றை எல்லா ஊராட்சிகளுக்கும் அனுப்ப வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். கூட்டம் ஒத்திவைப்பு என்ற செய்தியைத் தங்கள் செய்தியாளர்கள் அனுப்பும்போது, ‘மறு தேதி என்ன?’ என்று அந்தந்த அலுவலகத்தில் ஒரு கேள்வி கேட்டு, அந்தப் பதிலையும் சேர்த்து வெளியிட்டால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கொள்ளிடம் வட்டாரம், மயிலாடுதுறை மாவட்டம்.